கற்பூரச் சத்தியமும் பக்கத்து வீட்டு வணக்கமும்

ஆடிக்கொண்டே அசையாதிருப்பவனே, அசையாதிருந்தே அனைத்தையும் ஆட்டுவிப்பவனே, மன்றில் தூக்கிய உன் திருவடியைத் துணையாகக் கொண்டு இதைத் தொடங்குகிறேன். என் நா பொய்ச் சத்தியம் செய்த கதை இது. இதை எழுதும் கையாவது பொய் எழுதாமல் காத்தருள்க.

இன்று மார்கழித் திருவாதிரை. வீட்டுக்குப் பின்னால் வளவுப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது. நீராடி, நீறணிந்து, திருமுறை ஓதி முடித்த கையோடு பேனையை எடுத்திருக்கிறேன். ஆடவல்லானுக்கு உகந்த நாளில், ஆட்டத்தை வெறுத்தவனின் கதையைச் சொல்வது பொருத்தம் என்று பட்டது.

எண்பதுகளின் நடுவில் நானும் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து சீமைக்கு வந்து வால்தம்ஸ்டோவில் ஒரு வரிசை வீட்டில் குடியேறினோம். எங்கள் வீட்டின் பின்சுவரோடு ஒட்டி இறக்கிய, கண்ணாடி போட்ட ஒரு சாய்ப்பு இருந்தது. கிழக்கு வெளிச்சம் நேராக விழும் இடம் என்பதால் அங்கேயே படங்களை வைத்துச் சுவாமித் தட்டை அமைத்தேன். பக்கத்து வீட்டுக்கும் அதேபோன்ற சாய்ப்பு. இரண்டுக்கும் நடுவே இடுப்பளவு மரவேலி மட்டுமே. அந்த வீட்டில் ஒரு யூதக் கிழவர் தனியாக இருந்தார். மனைவியை இழந்தவர், தையல் தொழிலை விட்டு ஓய்ந்தவர். முழங்கால் வலியால் தம்முடைய கோவிலுக்கு நாள்தோறும் நடக்க இயலாமல், காலை வழிபாட்டை அந்தச் சாய்ப்பிலேயே செய்தார். அவரும் கிழக்கு நோக்கியே நின்றார்.

ஆகவே ஒவ்வொரு காலையும் இரண்டு கிழவர்கள், பத்தடி இடைவெளியில், ஒரே திசையைப் பார்த்து நின்றோம். ஒருவரை ஒருவர் வெறுப்பதற்கு அது போதுமாக இருந்தது.

இறைவன் முன் உடம்பு கல்தூண் போல நிற்க வேண்டும் என்பது என் கொள்கை. விம்பிள்டன் கோவிலில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் தேவாரம் பாடும்போது, தாளத்துக்கு விரல் அசைப்பவர்களைக்கூட முறைத்துப் பார்ப்பேன். பாடிய பதிகங்களிலெல்லாம் அடியவர் உடல் நடுங்குகிறது, மயிர் சிலிர்க்கிறது, கைகள் தாமே தலைமேல் ஏறுகின்றன. அந்த வரிகளை இமையும் அசையாமல் பாடி முடித்து, அதுதான் பக்தி என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

அப்படிப்பட்டவனின் கண்ணோரத்தில் அந்த மனிதர் ஆடிக்கொண்டே இருந்தார். கறுப்புக் கோடு போட்ட வெள்ளைப் போர்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, கையில் கறுப்புத் தோல்வாரைச் சுற்றி, நெற்றியில் சிறிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து முன்னும் பின்னும், முன்னும் பின்னும். காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தின் முன்னால் ஐம்பது ஆண்டு இருந்த உடம்பு, இயந்திரம் போன பின்பும் மிதிப்பதை நிறுத்தவில்லை என்று மனைவியிடம் கேலி செய்தேன். பார்க்கப் பிடிக்காமல் அந்தப் பக்கக் கண்ணாடியில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டேன். வெயில் ஏறியதும் விரிப்பில் அவர் நிழல் விழுந்தது. நிழலும் ஆடியது.

அவருக்கும் என்மேல் குறை இருந்தது. நான் பாடத் தொடங்கினால் தம் கண்ணாடியைத் தட்டுவார். ஒருநாள் வேலியருகே வந்து நின்றார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் என் நினைவில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே பதிந்து கிடக்கிறது.

“ஒவ்வொரு நாளும் ஏன் இந்தக் கத்துக் கத்துறீர்? உம்முடைய கடவுளுக்குக் காது மந்தமோ?”

“நான் பாடுறன். நீங்கள் ஏன் ஆடுறியள்? உங்கட கடவுள் என்ன தொட்டில் பிள்ளையோ, ஆட்டினால்தான் நித்திரை கொள்ளுவாரோ?”

“அவர் நித்திரை கொள்ளுறேல்லை. நீர் எங்களைக் கொள்ள விடுறேல்லை.”

உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினார். அது என் கோபத்தை இன்னும் வளர்த்தது.

வேலியோரமாக, அவர் பக்கத்தில், அடர்ந்த புதராக ஆளுயரப் பற்றை ஒன்று நின்றது. மேர்ட்டில் என்று சொல்வார்கள். சிறிய கரும்பச்சை இலை, கசக்கினால் வாசம், கோடையில் வெள்ளைப் பூ. பூசைக்கென்று நான் வைத்த செவ்வந்திக்கு விழ வேண்டிய காலை வெயிலை அது மறித்தது. இரண்டு ஆண்டுகளாகச் செவ்வந்தி நெட்டையாக வளர்ந்ததே தவிரப் பூக்கவில்லை. சுவாமிக்கு வைக்கும் பூவை அவருடைய பற்றை தின்கிறது என்று நான் சொல்லித் திரிந்தேன்.

ஆகஸ்ட் மாதத்தின் ஒரு வெக்கையான காலையில் அவர் சாய்ப்பின் கதவு திறந்து கிடந்தது. போர்வையும் வாரும் நெற்றிப் பெட்டியுமாக, இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். நான் வேலியில் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: “மிஸ்டர், இந்தப் பற்றையாலை என்ரை பூக்கண்டுக்கு வெயில் இல்லை. வெட்டிவிடட்டோ?”

அவர் முழங்காலை மடித்துக் குனிந்து நிமிர்ந்தார்.

எனக்கு ஆச்சரியம். “அடியோடை வெட்டலாமோ?” என்றேன். ஆடிக்கொண்டிருந்தவர் சிறிது நேரத்தில் மறுபடியும் குனிந்து நிமிர்ந்தார்.

“உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. நானே வெட்டி, நானே குப்பையையும் அள்ளுவன்.” பதிலுக்காக நின்றேன். ஓரிரு நிமிடம் சென்றிருக்கும். அவர் வலக்கையைப் பொத்தி நெஞ்சில் இரண்டு முறை மெதுவாகத் தட்டினார். ‘என் பொறுப்பு’ என்று நம்மவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்வதில்லையா? அதற்கு மேல் எனக்கு என்ன உறுதி வேண்டும்? நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் வழிபாட்டில் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்கள் வீட்டில் பூசைக்கு நடுவே சைகை காட்டுவது வழக்கம். வாயில் பதிகம் நிற்காது. அடுப்பைக் குறை என்று கை சொல்லும், வாசலில் யார் என்று புருவம் கேட்கும், வாங்கி வை என்று தலை ஆடும். வாய் கடவுளுக்கு, தலை வீட்டுக்கு. அவருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். மனத்தின் ஒரு மூலை அப்போதே சந்தேகப்பட்டது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். மூன்று ஆண்டுகள் எனக்கு இல்லை என்று சொல்லவே பிறந்தவர்போல இருந்த மனிதர், ஏன் இப்படி வளைந்து வளைந்து இசைகிறார் என்று அந்த மூலை கேட்டது. நான் அதற்குக் காது கொடுக்கவில்லை.

அன்று பகல் அவர் வைத்தியரிடம் போயிருந்தார். ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த நண்பர், மரம் அரியும் வாளுடன் வந்தார். ஒரு மணி நேரத்தில் பற்றை ஒரு சாண் அடிக்கட்டையாகிவிட்டது. வளவு முழுவதும் வாசம் நின்றது.

அவர் திரும்பி வந்து அதைக் கண்டபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது சொல் அல்ல. பிறகுதான் சொற்கள் வந்தன.

“கள்ளன்! ஆரைக் கேட்டு வெட்டினீர்?”

“உங்களைக் கேட்டுத்தான். நீங்கள் ஓம் எண்டு தலையாட்டினீங்கள்.”

“நான் உம்மோடை கதைக்கவேயில்லை! கள்ளன் மட்டுமில்லை, பொய்யனும்!”

கள்ளன் என்றதை நான் பொறுத்திருப்பேன். பொய்யன் என்ற சொல் என்னைச் சுட்டது. நாற்பது ஆண்டுகளாகத் திருமுறை ஓதிய நாவை ஒரு தையற்காரர் பொய் நா என்கிறார். தகவல் அறிந்து மாலையில் அவருடைய மகள் வந்தாள். நாற்பது வயதிருக்கும், பள்ளிக்கூட ஆசிரியை. “அப்பா சம்மதம் குடுக்கேல்லையாம்” என்று அவள் வேலிக்கு அப்பால் நின்று நிதானமாகச் சொன்னதும், நான் உள்ளே போய்ச் சுவாமித் தட்டிலிருந்து கற்பூரத்தை எடுத்து வந்தேன். பித்தளைத் தட்டில் வைத்துக் கொளுத்தினேன். “இந்த மனுசன் எனக்குச் சம்மதம் தந்தவர். இது சத்தியம்” என்று சொல்லி, எரிந்துகொண்டிருந்த சுடரை வெறும் உள்ளங்கையால் அடித்து அணைத்தேன்.

எங்களவருக்கு அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. அவர்கள் இருவருக்கும் அது ஏதோ மந்திரவாதமாகத் தோன்றியிருக்கும். பின்னால் நின்ற என் மனைவிக்கு மட்டும் அது என்னவென்று விளங்கியது.

“ஐயோ, ஒரு பற்றைக்கே கற்பூரம் அடிச்சனியள்?” என்றாள்.

மகள் என் கையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “எப்ப கேட்டனீங்கள்? அவர் அப்ப என்ன உடுத்தியிருந்தவர்?”

சொன்னேன். போர்வை, வார், ஒட்டிய பாதம், இரண்டு குனிவு, நெஞ்சில் இரண்டு தட்டு. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

“அந்த நிலையிலை நிக்கேக்கை அவர் ஆரோடையும் கதைக்கக்கூடாது. ஆர் வந்து கூப்பிட்டாலும் மறுமொழி இல்லை. நீங்கள் வராட்டிலும் அந்த இடத்திலை குனிவார். நெஞ்சிலை தட்டுறது பாவத்தை மன்னி எண்டு கேக்கிறது. உங்களுக்கு ஓம் சொல்லுறதில்லை.”

“இப்ப எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் வரும்” என்றேன்.

அவள் குனிந்து, நாங்கள் அள்ளாமல் விட்ட ஒரு கொப்பை எடுத்தாள். “இன்னும் ஒரு மாசத்திலை எங்கட கூடாரப் பண்டிகை. அதுக்கு இது வேணும். எல்லா மேர்ட்டிலும் சரிவராது. ஒரு கணுவிலை மூண்டு இலை, ஒரே மட்டத்திலை நிக்க வேணும். அப்படி வாற கண்டைத் தேடி எடுத்துப் பன்னிரண்டு வருசமாய் வளர்த்தவர்.”

அவள் நீட்டிய கொப்பை நான் வாங்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டேன். கணுவுக்குக் கணு மூன்று மூன்று இலை. வில்வத்தைச் சிவனுக்குச் சாத்துகிறவனுக்கு மூவிலை என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போதும் நான் தோற்கத் தயாராக இல்லை. அவள் சொன்னது பொய் என்று நிரூபிப்பேன் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை விரிப்பின் ஓரத்தை விலக்கி, அவர் அறியாமல் பார்த்து நின்றேன். மூன்று ஆண்டுகளாக ஒரே ஆட்டம் என்று நான் ஒதுக்கியதற்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் மூன்று அடி முன்னே வைத்தார். பாதங்களை ஒட்டினார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. குனிந்தார், நிமிர்ந்தார். சிறிது ஆடினார், மறுபடியும் குனிந்தார். ஓரிரு நிமிடத்தின் பின் நெஞ்சில் இரண்டு தட்டு. இறுதியை நெருங்கும்போது இன்னொரு குனிவு. கடைசியாக, முகத்தைத் திருப்பாமல் மூன்று அடி பின்வாங்கி, இடப்பக்கம், வலப்பக்கம், நேரே என்று வணங்கினார். நாங்களும் சந்நிதிக்கு முதுகு காட்டாமல்தான் வெளியேறுவோம்.

தற்செயல் என்றேன். இரண்டாம் நாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வேலியருகில் யாரும் இல்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. அவர் அதே இடங்களில் குனிந்தார், அதே இடத்தில் நெஞ்சைத் தட்டினார்.

என் வலது உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட கொப்புளம் அப்போதும் ஆறவில்லை.

மனைவியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளும் விரிப்பின் மற்ற ஓரத்தில் நின்று பார்த்திருந்தாள். அன்று நான் விளக்கேற்றத் தீக்குச்சியை எடுத்தபோது என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“பொய்ச் சத்தியம் அடிச்ச கை. அதாலை விளக்குக் கொளுத்த வேண்டாம். நான் கொளுத்துறன்.”

“நான் தெரிஞ்சு பொய் சொல்லேல்லை.”

“தெரியாமல் அடிச்சனியள். இப்ப தெரியும்தானே? தெரிஞ்ச பிறகும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் அதுக்கு என்ன பேர்?”

அந்த வெள்ளிக்கிழமை கோவிலில் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிப் பாடாமல் நின்றேன். வாள் கொண்டு வந்த நண்பர் ஆறுதல் சொன்னார்: “அண்ணை, ஒரு பற்றைக்கு இவ்வளவு யோசிக்கிறியளே? கிழவனுக்கு ஒரு புதுக் கண்டு வாங்கிக் குடுத்தால் சரி.” அவர்மேல் எரிந்து விழுந்தேன். பற்றைக்காகவா நான் வாய் அடைத்து நிற்கிறேன்? அடுத்த வெள்ளியும் பாடவில்லை. வீட்டில் பத்து நாள் விளக்கை என் மனைவியே ஏற்றினாள். நான் தள்ளி நின்று கும்பிட்டேன். நாற்பது ஆண்டில் நான் விளக்கேற்றாத நாட்கள் அவைதாம். அதற்கும் அந்த மனிதரையே வெறுத்தேன்.

பதினோராம் நாள் காலை அவர் வளவுக்குள் போய், திறந்த கதவுக்கு வெளியே நின்றேன். பாதங்களை ஒட்டி அவர் நின்றார். நான் பேசவில்லை. குனிந்தார். பேசவில்லை. நெஞ்சில் தட்டினார், நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். மூன்று அடி பின்வாங்கி, மூன்று பக்கமும் வணங்கி, மறுபடியும் முன்னே வந்து நின்ற பிறகும் காத்திருந்தேன். வாரைக் கழற்றிச் சுற்றி வைத்துவிட்டுத் திரும்பினார்.

“நீங்கள் சம்மதம் தரேல்லை. நான் செய்த சத்தியம் பொய். மன்னிக்க வேணும்.”

என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “முடியுமட்டும் காத்து நிண்டீர். அதைப் பற்றையை வெட்ட முதல் செய்திருக்கலாம். மன்னிக்கேலாது. போம்.”

வாசலில் மகள் நின்றாள். “எங்கட பெரிய நோன்பு வருது. அதுக்கு முதல், பிழை விட்டவர் வந்து மன்னிப்புக் கேக்க வேணும். மூண்டு தரம் கேட்டும் குடுக்காட்டில், பிறகு குற்றம் குடுக்காதவரிலை. உங்களுக்கு இன்னும் இரண்டு தரம் இருக்கு” என்றாள். அதில் இரக்கம் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லும் குரல்.

இந்தத் திமிர் பிடித்த மனிதரிடம் இன்னும் இரண்டு முறையா என்று கொதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போனேன். மழை பெய்தது. கண்ணாடிக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு முழு வழிபாட்டையும் செய்தார். மூன்று அடி பின்வாங்கிய பின் நான் வாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையை விசிறினார். நனைந்துகொண்டு திரும்பினேன்.

மூன்றாம் நாள் கதவு திறந்திருந்தது. நான் கேட்டு முடித்ததும் அவர் அடிக்கட்டையைப் பார்த்தார்.

“மூண்டு தரம் கேட்டிட்டீர். இனி நான் மறுத்தால் பழி என்னிலை வரும். சரி. விட்டிட்டன்.” பிறகு விரலை நீட்டினார். “ஆனால் உம்மை எனக்குப் பிடிக்காது.”

“எனக்கும் உங்களைப் பிடிக்காது” என்றேன்.

“அதை நம்புறன். அதுக்குச் சத்தியம் பண்ணத் தேவையில்லை.”

வீட்டுக்கு வந்தேன். மனைவி தீப்பெட்டியைச் சுவாமித் தட்டின் என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கூடாரப் பண்டிகையில் தம் வளவில் பச்சைக் கொப்புக் கூரை வேய்ந்து, குருத்தோலையையும், வேறு எங்கிருந்தோ வாங்கிய மேர்ட்டிலையும், இன்னொரு கொப்பையும், எலுமிச்சை போன்ற ஒரு கனியையும் சேர்த்துப் பிடித்து, நாலு திசைக்கும் மேலுக்கும் கீழுக்கும் அவர் அசைப்பதை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். அசைத்து முடித்ததும் கட்டிலிருந்த மேர்ட்டிலை உயர்த்தி எனக்குக் காட்டினார். வாழ்த்தாக அல்ல, வாங்க வைத்தாய் என்பதாக. அடுத்த வசந்தத்தில் அடிக்கட்டை துளிர்த்தது. கணுவுக்கு எத்தனை இலை என்று அவரும் எண்ணினார், அவர் உள்ளே போன பின் நானும் எண்ணினேன். மூன்றுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் மகளோடு வாழப் போய்விட்டார். போகும் நாள்வரை நான் பாடினால் கண்ணாடியைத் தட்டினார். நான் படுக்கை விரிப்பை மட்டும் கழற்றியிருந்தேன். என் கொள்கையும் மாறவில்லை. இன்றும் இறைவன் முன் அசையாமல்தான் நிற்கிறேன்.

மாறியது ஒன்று உண்டு. பூசையில் நிற்கும்போது இப்போது நான் எதற்கும் தலையசைப்பதில்லை, கை காட்டுவதில்லை. இன்று காலையும் அடுப்பில் பால் பொங்கியது. கண்ணோரத்தில் அது தெரிந்தது, வாசமும் வந்தது. பதிகத்தில் இன்னும் மூன்று பாட்டு இருந்தது. நான் திரும்பவில்லை.

“பால் முழுக்க ஊத்துண்டு போச்சு! உங்கை நிண்டு ஒரு கையைக் காட்டினால் என்ன குறைஞ்சு போகும்?” என்று மனைவி கூடத்திலிருந்து ஓடி வந்து கத்தினாள். அதற்கும் நான் பதில் சொன்னது பாடி முடித்த பிறகுதான்.

இதைப் படிக்கும் அனைவரும் நலம் பெறுக. உங்கள் கை ஏற்றும் விளக்கு நின்று எரிக. உங்கள் நா சொன்ன சொல் மெய்யாகுக, ஆகாத சொல்லைத் திரும்பப் பெறும் துணிவும் உங்களுக்கு வாய்க்குக. ஆடுவோர் ஆடியும் அசையாதோர் அசையாதும் அவன் தாள் அடைக.